கிடாருக்கு பிக்கப் பார்த்த படலம்

எனக்குப் பெண் பார்த்தது ஒரே நாளில் முடிந்த விஷயம். கள்ளக்குறிச்சியில் காலை பஸ் ஏறி மலைக்குப் போனோம். கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்கி, சாமைச் சோறும் கோழிக் குழம்பும் சாப்பிட்டோம். பெண் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், நானும் பார்த்தேன், பிடித்துப்போயிற்று. சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டோம். என் கிடாருக்கு பிக்கப் பார்த்ததோ பொங்கலுக்கு ஆரம்பித்து வைகாசி வரை இழுத்தது. இந்த வித்தியாசத்தை என் மனைவி இன்றைக்கும் விடுவதில்லை.

"என்ன பாக்க வந்தன்னிக்கி உனுக்கு கண்ணெல்லாம் கோழி கொழம்பு மேலதான். இந்தத் துக்குளியூண்டு காந்தத்துக்கு இன்னாடான்னா சோறு தண்ணி இல்லாம அலைஞ்சிகினு கெடந்த. யோவ், அப்ப எனுக்கு காந்தம் கம்மியா?"

அவளுக்குக் கோபம் வந்தாலும் யோவ்தான், பாசம் வந்தாலும் யோவ்தான். எது எப்போது என்று பிரித்தறிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

நான் பகலில் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வந்தால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவன். கையில் ஆண்ட்ராய்டு போன் வந்த புதிதில் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். கிடாரும் போனில் பார்த்து வாங்கியதுதான். புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கென்றே விற்கிற சிவப்பு நிற எலக்ட்ரிக் கிடார். தோளில் மாட்ட ஒரு பட்டை, ஒரு ஒயர், டிபன் கேரியர் உயரத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்தது. எலக்ட்ரிக் கிடாருக்கு வயிறு கிடையாது, வெறும் பலகைதான். கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கிற பிக்கப்தான் அதற்குத் தொண்டை. காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். மேலே கம்பி அதிர்ந்தால் கீழே கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், அது ஸ்பீக்கருக்குப் போய் இசையாகும்.

என் கிடாரில் அந்த மாதிரி மூன்று இருந்தன. மூன்றும் அரும்பாடுபட்டு இசையைக் கொண்டு வந்தன. கூடவே, நான் கேட்காமலேயே, 'ம்ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலையும் கொண்டு வந்தன. பக்கத்தில் டியூப்லைட் இருந்தால் இரைச்சல், சீரியல் செட் இருந்தால் இன்னும் கொஞ்சம், ஜெனரேட்டர் ஓடினால் கேட்கவே வேண்டாம். நம் பக்கத்து விசேஷத்தில் இந்த மூன்றும் இல்லாத மேடை ஏது?

இந்த இரைச்சலுக்கு ஒரு குணம் உண்டு. கிடாரை ஒரு திசைக்குத் திருப்பினால் குறையும், இன்னொரு திசைக்குத் திருப்பினால் கூடும். அதனால் மேடை ஏறியதும் நான் செய்கிற முதல் வேலை, மெல்லச் சுழன்று இரைச்சல் குறைந்த மூலையைக் கண்டுபிடிப்பது. சில மேடைகளில் அது ஜனங்களுக்கு முதுகு காட்டும் மூலையாக இருக்கும். ரிஷிவந்தியத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அது சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்த மூலையாக அமைந்துவிட்டது. வரவேற்பு முழுக்க நான் பிரியாணி அண்டாவைப் பார்த்தபடியே வாசித்தேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் இரக்கப்பட்டு மேடைக்கே வந்து, "தம்பி, மொதல்ல போய் ஒரு வாய் துன்னுட்டு வந்துடுப்பா" என்றார். களமருதூர்த் திருவிழாவில் அப்படி ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இரைந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் முன் வரிசையில் ஒருவர் எழுந்து, "இன்னாய்யா, மைக்செட்டுல வண்டு பூந்துடுச்சா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எங்கள் மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

மாஸ்டர் என்பவர் குழுவை நடத்துகிறவர், கீபோர்டு வாசிப்பவர். நல்ல மனிதர், கோபம்கூட மெதுவாகத்தான் படுவார். வேனில் திரும்பி வரும்போது சொன்னார்.

"தோ பாரு. எங் கீபோர்டுல கிடாருன்னே ஒரு பட்டன் கீது. அமுக்குனா கிடாரு சத்தம் வரும், வண்டு சத்தம் வராது. ஒன்ன வுட எனுக்கு மனசு வர்ல. அதுக்காக ஜனம் சிரிக்கறத எத்தினி நாளு பாக்க முடியும்?"

"மாத்திடறேன் மாஸ்டர். பிக்கப்ப மாத்துனா சரியாப் பூடும்."

"வைகாசில ஒங்க மச்சான் வூட்டு காதுகுத்து வருதில்ல? மலைக்கு. அதுக்குள்ள மாத்து. அங்கயும் இரைஞ்சிதுன்னா, கிடாரு வேணாம்யா. நானே பட்டன்ல போட்டுக்கறேன்."

பெயிண்ட் அடிப்பது பிழைப்புக்கு. சுவரில் நான் அடித்த வர்ணத்தைப் பார்த்து எவரும் என்னை நினைப்பதில்லை, வீட்டுக்காரரைத்தான் மெச்சுவார்கள். மேடையில் நிற்கும்போது மட்டும்தான் நான் ஓர் ஆள். அந்த இடத்தை ஒரு பட்டன் எடுத்துக்கொள்ளும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதுவும் என் மனைவி பிறந்த வீட்டு ஜனத்துக்கு முன்னால்.

அன்றிலிருந்து பிக்கப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் ஊரில் இருக்கிற யோசனைகளையெல்லாம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவர், எதற்கும் அசராதவர். "பிக்கப்பும் வேணாம், கிக்கப்பும் வேணாம். உள்ள பூரா சில்வர் பேப்பர் ஒட்டு, சத்தம் பூடும்" என்றார். சப்பாத்தி சுற்றுகிற பேப்பரை வாங்கி வந்து, கிடாரைப் பிரித்து, உள்ளே பொந்து பொந்தாக ஒட்டினேன். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது உண்மைதான். வண்டு இருந்த இடத்தில் தேனீ வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான். அடுத்து ஒரு தச்சரிடம் போனேன். இரைச்சலே வராத பெரிய சைஸ் பிக்கப் ஒன்று உண்டு, ஆனால் அதைப் பதிக்கப் பலகையில் இன்னும் பெரிய குழி வெட்ட வேண்டும். தச்சர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதவுக்கு கீலு பதிக்கறதில்ல, அந்த மாதிரி ரெண்டு போடு போட்டா முடிஞ்சிது" என்று உளியைக் கையில் எடுத்தார். நான் கிடாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் போன்தான் கதி. பிக்கப் உலகத்துக்குள் ஒருமுறை நுழைந்தவன் லேசில் வெளியே வர முடியாது. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒரே பாட்டை வேறு வேறு பிக்கப்பில் வாசித்துக் காட்டுவார்கள். கீழே ஆயிரம் பேர் சண்டை போடுவார்கள். இது வெதுவெதுப்பாக இருக்கிறது என்பார் ஒருவர். இல்லை, அதுதான் வெண்ணெய் மாதிரி வழிகிறது என்பார் இன்னொருவர். மொறுமொறுப்பு போதாது என்று மூன்றாமவர் குறைபட்டுக்கொள்வார். கிடாரைப் பற்றிப் பேசுகிறார்களா, டிபன் கடை நடத்துகிறார்களா என்று சந்தேகமாகிவிடும். பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, மதிய சாப்பாட்டு நேரத்தில், ஒரு காது மட்டும் வேலை செய்கிற இயர்போனில் இதையெல்லாம் கேட்டேன். வெதுவெதுப்பும் மொறுமொறுப்பும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. அதை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அவளையும் கேட்கச் சொன்னேன். அவள் நல்ல காதுக்காரி. மலையில் வளர்ந்தவள், எந்தச் சத்தம் எந்தப் பறவை என்று சொல்வாள்.

பொறுமையாக ஐந்தாறு வீடியோ கேட்டாள். "எல்லாம் ஒண்ணு போலத்தான் கீது. தாடிதான் மாறுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஆனாலும் ஒரு விஷயம் எனக்கு மண்டையில் ஏறியது. என் கிடாரில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி ஒன்றாக இணைத்த வகை ஒன்று இருக்கிறது, ஹம்பக்கர் என்று பெயர். வெளியிலிருந்து வருகிற இரைச்சலை ஒரு சுருள் ஒருவிதமாகவும் மற்றது அதற்கு நேர் எதிராகவும் வாங்கும். இரண்டும் மோதி, இரைச்சல் இல்லாமல் போகும். கம்பியின் நாதம் மட்டும் தப்பித்து வரும். நான் ஒன்று சொல்ல, அவள் அதற்கு நேர் எதிராகச் சொல்ல, கடைசியில் வீடே சத்தமில்லாமல் ஆவதை நான் தினமும் பார்ப்பவன் என்பதால் இது எனக்குச் சட்டென்று புரிந்தது. தச்சர் உளி தூக்கிய பெரிய சைஸ் பிக்கப்பும் இந்த ஜாதிதான். ஆனால் பழைய குழியிலேயே உட்காருகிற மாதிரி, ஒடுக்கமான உடம்பில் இரண்டு சுருளையும் அடக்கிய ரகமும் கிடைத்தது. மூன்றையும் மாற்ற வசதியில்லை. கம்பிகள் கீழே முடிகிற பிரிட்ஜ் பக்கம் இருப்பதை மட்டும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அதற்கப்புறம்தான் உண்மையான இழுபறி. ஒன்று பலமான காந்தம், சத்தம் ஜாஸ்தி, கொஞ்சம் முரட்டுத்தனம். இன்னொன்று மென்மையான காந்தம், சத்தம் கம்மி, பாட்டுக்காரி குரலோடு ஒத்துப் போகும் என்றார்கள். காலையில் முரட்டுக் காந்தம் என்பேன், சாயங்காலம் மென்மையான காந்தம் என்பேன். ஒருநாள் ஒரு வீட்டுச் சுவருக்கு அடிக்க வேண்டிய நீலத்தை யோசனையில் பக்கத்துச் சுவருக்கு அடித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா, நல்லவேளை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

அவள்தான் தீர்த்து வைத்தாள். "எங்க அண்ணன் வூட்டு காதுகுத்துல தவுலு இருக்கும், பம்ப இருக்கும், கொயந்திங்க கத்தும், பொம்பளைங்க பேசிகினே இருப்பாங்க. இதுல போய் மென்மையாமே மென்ம. ஜாஸ்தியா இருக்கறத வாங்குய்யா."

வெள்ளைக்காரர்கள் ஆயிரம் பேர் சொல்லாத விஷயம். அன்றைக்கே ஆர்டர் போட்டேன். வெள்ளையா கறுப்பா என்று போன் கேட்டது. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "அத்த நீயே முடிவு பண்ணு. இல்லன்னா தீவாளிதான்" என்றாள். கறுப்பு.

கொரியர் வந்ததும் அவள்தான் பிரித்தாள். அட்டைப்பெட்டிக்குள் காகிதம், காகிதத்துக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கட்டி, அதன் வாலில் கலர் கலராக ஒயர்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள், வேறு ஏதாவது விழுகிறதா என்று.

டிவி ரிப்பேர்காரர்தான் பற்றவைத்துக் கொடுத்தார். சில்வர் பேப்பர் யோசனை பலிக்கவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. எந்தக் கலர் எங்கே போக வேண்டும் என்று கூட வந்த படத்தை நான் நீட்டினேன். "இதெல்லாம் எனுக்கு பாடம்" என்று தள்ளிவிட்டார். மாட்டி வாசித்தால் கொசு பாடுகிற மாதிரி இருந்தது. ஒரு சுருளின் ஒயரைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டாராம், அதனால் இரைச்சலுக்குப் பதில் நாதம் அடிபட்டுப் போகிறதாம். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தார். ஒயரை மாற்றிப் பற்றவைத்து ஸ்விட்சைப் போட்டோம். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தோம், கரண்ட் போய்விட்டதா என்று. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் பயந்துகொண்டே கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். பளாரென்று வந்தது, இரைச்சலே இல்லாமல். டிவி ரிப்பேர்காரர், "நான்தான் சொன்னன்ல" என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

மூன்று பிக்கப்பில் எது பேச வேண்டும் என்று மாற்ற ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. தவறிக்கூட அது பழைய இரண்டின் பக்கம் போகக்கூடாது என்று, சுவரில் ஓரம் பிரிக்க ஒட்டுகிற டேப்பை அதன் மேல் ஒட்டிவிட்டேன். அடுத்த வாரம் மலை ஏறினோம்.

காதுகுத்து குலதெய்வம் கோயிலில், பகல் விசேஷம். கோயிலுக்கு முன்னால் பந்தல், பந்தலை ஒட்டி மேடை, மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். அங்கே வோல்டேஜ் கம்மி என்பதால் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர்தான். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மைக்செட்காரர் அந்தப் பக்கத்து ஆள்தான், மலையில் எந்த ஊர் விசேஷமானாலும் அவர் செட்டுதான். மச்சான் அவரிடம் என்னைக் காட்டி, "எங்க மாப்ள. கிடாரு" என்றார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

என் ஸ்பீக்கர் பெட்டியை என் காலடியில் வைத்தேன். அதிலிருந்து ஒரு ஒயர் மைக்செட்காரரிடம் போனது. அவர் வழி போனால்தான் குழாய் ஸ்பீக்கரில் கேட்கும். காலடிப் பெட்டியின் சத்தம் மேடையோடு சரி. நான் கிடாரை மாட்டிக்கொண்டு எல்லா பக்கமும் ஒருமுறை சுழன்று பார்த்தேன். கோயில், பந்தல், ஜெனரேட்டர், ஜனம், எங்கே திரும்பினாலும் அமைதி. வாழ்க்கையில் முதல் முறையாக மூலை தேடாமல் ஜனத்தைப் பார்த்து நின்றேன். மாஸ்டர் என் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். சரியாக அந்த நேரம் தாய்மாமன் சீர் தவிலோடும் பம்பையோடும் வந்து சேர்ந்தது, குழந்தைகளை மடியில் உட்கார வைத்தார்கள், அழுகை ஆரம்பித்தது, நாங்களும் ஆரம்பித்துவிட்டோம்.

அன்றைக்கு நான் வாசித்த மாதிரி என்றைக்கும் வாசித்ததில்லை. காலடியில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமும் கழுவி வைத்த மாதிரி வந்தது. பாட்டுக்கு நடுவில் கிடாருக்கென்று வருகிற இடங்களில் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் ஜனம் தலையாட்டிக்கொண்டிருந்தது. எவரும் வண்டு என்று சொல்லவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மச்சான் என் கையைப் பிடித்து, "மாப்ள, கிடாரு பிச்சி ஒதறிட்ட" என்றார். அவருடைய சகலை வந்து சொன்னார். தெரியாத ஒருவரும் வந்து சொன்னார். எனக்கு வாயெல்லாம் பல்.

பந்தியில் அவள் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றவள் ஊற்றவில்லை.

"கிடாரு உன்து இல்ல" என்றாள்.

"இன்னா சொல்ற?"

"கொயா ஸ்பீக்கர்ல வந்த கிடாரு. அது நீ வாசிச்சது இல்ல."

"காதுல இன்னா பஞ்சா? ஊரே சொல்லுது."

"ஊருக்கு இன்னா தெரியும்? நானு வூட்ல தெனம் கேக்கறேன். பாட்டு நடுவுல ஒன் எடம் வரும்போது, நீ மூச்சு இழுத்துட்டு துளியூண்டு லேட்டாத்தான் வருவ. எப்பவும். இன்னிக்கி கரெக்டா டாண்ணு வந்துச்சி. எல்லா பாட்டுலயும். அப்பவே எனுக்கு தெரிஞ்சிபோச்சி."

பாயசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். நான் பாயசத்தைத் தொடவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு நேராக மைக்செட்காரரிடம் போனேன்.

"அண்ணே, என் லைனு வந்துச்சா?"

"எங்க வந்துச்சி? ஒன் லைனுதான் செத்துப்போச்சே" என்றார் அவர், நிதானமாக.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? கிடாரு ஒயரு சொருவுனா 'ம்ம்ம்'னு வரணும். அந்த சத்தத்த வெச்சித்தான் எவ்ளோ ஏத்தணும், எவ்ளோ எறக்கணும்னு நானு வெப்பேன். மலைக்கு வந்த எல்லா கிடாருக்கும் அப்பிடித்தான் வெச்சிகினு கீறேன். ஒன்துல சொருவிட்டு காதக் குடுத்து கேக்கறேன், மூச்சு பேச்சே இல்ல. சரி, ஒயரு அறுந்துபோச்சின்னு வுட்டுட்டேன். அந்த ஓட்ட சும்மா கெடக்குதேன்னு பந்தி மைக்க சொருவிட்டேன்."

எந்த இரைச்சலை ஒழிக்க நான் பொங்கலிலிருந்து அலைந்தேனோ, அந்த இரைச்சல்தான் கிடார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவர் வைத்திருந்த அடையாளம். அது இல்லாததால் என்னைப் புதைத்துவிட்டு, அந்த இடத்தில் சாப்பாட்டு மைக்கை நட்டிருக்கிறார். சாப்பிடாதவர்கள் வாருங்கள், சாப்பிட்டவர்கள் எழுந்திருங்கள் என்று மச்சான் காலையிலிருந்து முழங்கியது என் வழியாகத்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

"அப்ப கிடாரு வாசிச்சது யாரு?"

அவர் மேடையைக் கையால் காட்டினார். மாஸ்டர் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

போய் நின்றேன். அவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. "லைன் பூட்ச்சின்னு அவுரு சைகை காட்டுனாரு. பாட்ட நடுவுல நிறுத்தவா முடியும்? பட்டன்ல போட்டுகினேன். நீ கண்ண மூடிகினு வாசிச்சிகினு இருந்த, கெடுக்க மனசு வர்ல." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "ஜனமும் நல்லாத்தான கேட்டுச்சி. சரி, ஊருக்குப் போய் பேசுவோம்" என்றார்.

எங்கள் குழுவில் ஊருக்குப் போய்ப் பேசுவோம் என்றால் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம். தபேலாக்காரர் ஒருவரிடம் அப்படிச் சொன்னார், அதற்குப் பிறகு எங்கள் குழுவில் தபேலா இல்லை. பட்டனே போதும் என்று ஒரு மலையே தலையாட்டிவிட்டது. நானும் அதற்கு வாயெல்லாம் பல்லாக நன்றி சொல்லியிருக்கிறேன்.

"மாஸ்டர், இன்னும் ஒரு பாட்டு பாக்கி கீதில்ல? கடைசி பாட்டு. அதுல நடுவுல கிடாரு பெரிய எடம். அத மட்டும் எனுக்கு வுடுங்க."

"லைனு இல்லியேப்பா."

"லைன நானு பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இல்லை. மைக்செட்காரர், "ஓட்ட ஒண்ணுதான் கீது. பந்தி மைக்க புடுங்குனா ஒங்க மச்சான் என்ன வுட மாட்டாரு" என்று கையை விரித்தார். மச்சானுக்கோ அந்த மைக்கின் ருசி கண்டுவிட்டது. சாப்பிட ஆளே மிச்சமில்லாத பந்தியைப் பார்த்து, "ரசம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்மலை அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கை புருஷன் நான், விசேஷ வீட்டுக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க முடியுமா? தயங்கித் தயங்கி நின்றேன்.

பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டு அவள் வந்தாள். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்கவில்லை. அண்ணன் கையிலிருந்து மைக்கை வாங்கி, "எல்லாரும் துன்னாச்சி. இனிமே எல்லாரும் வந்து குந்தி பாட்டு கேளுங்க" என்று சொல்லிவிட்டு, மைக்செட்காரரிடம் நடந்து போய் அந்த ஒயரைத் தானே பிடுங்கினாள். குழாய் ஸ்பீக்கர் 'டொப்' என்றது.

"என்னாம்மே நீ!" என்றார் மச்சான்.

"கம்முனு போய் குந்துண்ணா" என்றாள்.

என் ஒயரைச் சொருகினார்கள். மைக்செட்காரர் காதைக் கொடுத்துக் கேட்டார். குமிழை ஏற்றினார். இன்னும் கேட்டார். முழுசாக ஏற்றிவிட்டு, "தோ பாரு, இப்பவும் செத்துதான் கெடக்குது" என்றார்.

"சாவல அண்ணே" என்று சொல்லிக்கொண்டே கம்பியைத் தட்டினேன்.

அவர் ஏற்றி வைத்திருந்த ஏற்றத்துக்கு அது வெடி மாதிரி கிளம்பியது. பந்தி எச்சில் இலையருகே இருந்த நாய்கள் ஓடின. காது குத்திய குழந்தைகள் அழ மறந்தன. எதிர்மலைக்குப் போய்த் திரும்பி வந்தது என் கிடார். மைக்செட்காரர் பாய்ந்து குமிழை இறக்கினார். இறக்கியவர் என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

கடைசிப் பாட்டை ஆரம்பித்தோம். பல்லவி போயிற்று, சரணம் வந்தது, அடுத்து என் இடம். மாஸ்டரின் வலது கை கீபோர்டில்தான் இருந்தது, ஒரு விரல் அந்தப் பட்டனுக்கு மேலேயே நின்றது. நான் மூச்சை இழுத்தேன். என் இடம் வந்தது. நான் இன்னும் வரவில்லை. அந்தத் துளி நேரத்தில் மாஸ்டர் விரல் இறங்கப் போனதை நான் பார்த்தேன்.

அதற்குள் வந்துவிட்டேன். வழக்கம் போலத் துளி தாமதமாக, முரட்டுக் காந்தத்தின் முழுப் பலத்தோடு. தவில்காரர் பீடியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். சாப்பிட்ட களைப்பில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், அவர்கள் நிறுத்தியது அன்றைக்கு அதுவே முதல் முறை. நான் கண்ணை மூடவில்லை. மாஸ்டரையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாக, அவர் எதையும் மெதுவாகத்தான் செய்வார், கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து, ஜனத்துக்கெல்லாம் தெரிகிற மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

முன் வரிசையில் அவள் தன் அண்ணன் பக்கம் திரும்பி என்னவோ சொன்னாள். மச்சான் மாஸ்டரின் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், வாயைத் திறந்தபடியே எழுந்து நின்றார். எனக்குக் கண் மறைத்தது. மீதியை விரல்தான் பார்த்துக்கொண்டது.